கார்ட்ரிட்ஜும் ஊசியும்: கொடுக்கும் காசுக்குத் தகுந்த ஒலி கிடைக்க என்ன பார்த்து வாங்குவது

இசைத்தட்டின் வெளி ஓரத்தில் பாட்டு தெளிவாக இருக்கிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது 'ஸ', 'ஷ' எல்லாம் சீறுகின்றன, வயலின் கரகரக்கிறது. ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்னலையாக மாற்றும் கார்ட்ரிட்ஜை மாற்றலாமா என்ற யோசனை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. காரணம் ஒரு சின்னக் கணக்கு. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும்போது வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்துக்குப் பதிந்திருக்கும். அதே அலை உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கும். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஏறக்குறைய 15 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை. அந்த உருண்டையால் 21 மைக்ரான் அலையின் நெளிவுகளுக்குள் முழுதாக இறங்க முடியாது. மேலே உரசிக்கொண்டுதான் போகும்.

அதனால் மேம்படுத்தச் செலவிடும் காசில் பெரும்பங்கு வைரத்தின் வடிவத்துக்குப் போக வேண்டும். கார்ட்ரிட்ஜ் உடலின் நிறம், உலோகக் கூடு, பெட்டியில் எழுதியிருக்கும் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் வாங்குவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: தட்டில் அழுக்கு, ஊசியில் தூசிக் கட்டி, கார்ட்ரிட்ஜ் பொருத்திய கோணம். கோணம் தப்பாக இருந்தாலும் உள் ஓரத்தில் இதே சீறல்தான் வரும். புது ஊசியையும் அதே தப்பான கோணத்தில் மாட்டினால் சீறல் போகாது, காசுதான் போகும்.

உங்கள் மெஷின் எதை ஏற்கும்

சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களில் இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி அழுத்தம் 5 கிராமை ஒட்டி இருக்கும், அதை மாற்றவும் வழியில்லை. அதில் மேம்பாட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். தேய்ந்த ஊசியை மாற்றுங்கள், மிச்சக் காசை அடுத்த டர்ன்டேபிளுக்குச் சேர்த்து வையுங்கள்.

ஆடியோ-டெக்னிக்கா எல்பி60 போன்ற முழுத் தானியங்கி வகையில் கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் கையான ஆர்மோடு ஒட்டியே வருகிறது. கழற்ற முடிவது ஊசி மட்டும். கூம்பு முனைக்குப் பதிலாக நீள்வட்ட முனை உள்ள மாற்று ஊசி இதற்குக் கிடைக்கிறது. சின்னச் செலவில் கேட்கும்படியான வித்தியாசம் வரும், அதற்கு மேல் அந்த மெஷினில் படி இல்லை.

பழைய ஜப்பானிய நேர்க்கோட்டு ஆர்ம்களிலும் சில எண்பதுகளின் மாடல்களிலும் டீ4பீ என்ற செருகு வகை உண்டு. நான்கு பின்கள் நேராக உள்ளே போகும், பக்கவாட்டில் ஒரே ஒரு திருகு. கார்ட்ரிட்ஜின் எடை 6 கிராம், அழுத்தம் 1.25 கிராம் என்று தரப்படுத்தப்பட்டது. அளவெடுக்கும் வேலை இல்லாதது வசதி. தேர்வுக்குக் குறைவான மாடல்களே இருப்பது குறை.

மற்றவை அரை அங்குலப் பொருத்து வகை. இரண்டு திருகுகளுக்கு இடையே 12.7 மில்லிமீட்டர் இடைவெளி. ஆர்மின் பின்முனையில் சுற்றக்கூடிய எடையும் (கவுன்ட்டர்வெயிட்), கார்ட்ரிட்ஜ் மாட்டும் முன்முனையான ஹெட்ஷெல்லில் நீளவாக்குப் பிளவுகளும் இருந்தால் இனிச் சொல்வது எல்லாம் உங்களுக்குப் பொருந்தும்.

வைரத்தின் வடிவம்

கூம்பு முனை எந்தக் கோணத் தவறையும் பொறுத்துக்கொள்ளும். செய்வதும் எளிது. ஆனால் நுண் அலைகளைத் தவறவிடும்.

நீள்வட்ட முனையின் பக்கவாட்டு ஆரம் சுமார் 8 மைக்ரான், முன்பக்க ஆரம் 18. கூம்பைவிட நுட்பமாகப் படிக்கும். இதிலேயே இரண்டு தரம் உண்டு. ஒன்று ஒட்டு வைரம்: உலோகத் தண்டின் நுனியில் சிறு வைரத் துணுக்கை ஒட்டியிருப்பார்கள். இன்னொன்று முழு வைரம்: தண்டு முழுவதும் ஒரே கல், முனையைத் தாங்கும் மெல்லிய குச்சியான கேன்டிலீவரில் நேராகப் பதித்திருக்கும். முழு வைரத்தில் முனையின் எடை குறைவதால் பள்ளத்தின் வேகமான திருப்பங்களைத் தவறவிடாமல் பின்தொடரும்.

அடுத்த படியில் கோட்டுத் தொடுகை வகைகள் வருகின்றன: ஷிபாட்டா, மைக்ரோலீனியர், ஃபைன்லைன். பக்கவாட்டில் கத்தி முனைபோல் மெலிந்தும், மேலும் கீழுமாகப் பள்ளச் சுவரில் நீண்ட கோடாகப் படிந்தும் உட்காரும். ஷிபாட்டா வடிவம் பிறந்தது 1970களில், நான்கு ஒலித்தடம் கொண்ட சிடி-4 தட்டுகளுக்காக. அவற்றில் 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையைப் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகள் காணாமல் போயின, ஊசி மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கேதான் விலைக் கணக்கு தலைகீழாகிறது. ஆடியோ-டெக்னிக்கா தன் ஊசிகளுக்குச் சொல்லும் ஆயுள்: நீள்வட்டம் 300 மணி, கூம்பு 500, ஷிபாட்டா 800, மைக்ரோலீனியர் 1000. அழுத்தம் நீண்ட கோட்டில் பரவுவதாலும், மைக்ரோலீனியரில் தேய்ந்தாலும் முனையின் ஆரம் அதிகம் மாறாததாலும் இந்த ஆயுள். ஆகவே மைக்ரோலீனியர் ஊசியின் விலை நீள்வட்ட ஊசியைப்போல் மூன்று மடங்கு இருந்தாலும் மணிக் கணக்கில் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மடங்குக்குக் குறைவாக இருந்தால் விலை கூடிய ஊசிதான் மலிவு. வாரத்துக்கு ஒரு தட்டு மட்டும் போடுபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஆண்டுக்கு 40 மணி கேட்டால் 300 மணியே ஏழு ஆண்டுக்கு வந்துவிடும். அவருக்கு நல்ல நீள்வட்டமே போதும்.

ஊசி மட்டும் மாறும் குடும்பம்

உடலை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றிப் படியேறும் வசதி மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகையில் உண்டு. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 குடும்பத்தில் ஆறு ஊசிகளும் ஒரே உடலில் ஏறும்: சி கூம்பு, இ ஒட்டு நீள்வட்டம், இஎன் முழு வைர நீள்வட்டம், எம்எல் மைக்ரோலீனியர், எஸ்எச் ஷிபாட்டா, எஸ்பி 78 சுழற்சித் தட்டுகளுக்கு. டர்ன்டேபிளோடு விஎம்95இ வந்திருந்தால் புது கார்ட்ரிட்ஜ் வாங்கத் தேவையே இல்லை. எம்எல் ஊசியை மட்டும் வாங்கிச் செருகினால் போதும். இடையில் இருக்கும் இஎன் படியைத் தாண்டிவிடலாம் என்பதே எங்கள் கருத்து. முழு வைரம்தான், ஆனால் வடிவமும் ஆயுளும் நீள்வட்டத்துடையவை.

ஆர்ட்டோஃபோன் 2எம் குடும்பத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ரெட், ப்ளூ இரண்டுக்கும் உடல் ஒன்று. ரெட் வைத்திருப்பவர் ப்ளூ ஊசியை வாங்கினால் ஒட்டு வைரத்திலிருந்து முழு வைரத்துக்கு ஏறிவிடுவார். பிரான்ஸ், பிளாக் இரண்டும் வேறோர் உடலைப் பகிர்கின்றன. ரெட்டிலிருந்து பிளாக் வரை ஊசியாலேயே ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும்) வகையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் மின் வெளியீடு 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். மூவிங் மேக்னட் தருவது 3 முதல் 6. ஆகவே 40 டெசிபல் பெருக்கும் சாதாரண ஃபோனோ ஸ்டேஜ் போதாது, 60 டெசிபல் வேண்டும். ஊசி தேய்ந்தால் நீங்களாக மாற்ற முடியாது, முழு கார்ட்ரிட்ஜையும் அனுப்ப வேண்டும். மூவிங் காயில் என்றாலே முனை நுட்பமானது என்பதும் இல்லை. 1962இல் வந்து இன்றும் விற்கும் டெனான் டிஎல்-103இல் இருப்பது கூம்பு முனைதான். அதன் ஒலிக்கு ரசிகர்கள் ஏராளம், ஆனால் உள் ஓரச் சீறலுக்கு மருந்து தேடுபவர் வாங்க வேண்டிய பொருள் அது அல்ல.

ஆர்முக்குப் பொருந்துமா

ஆர்மின் எடையும் ஊசித் தாங்கியின் நெகிழ்வும் (காம்ப்ளையன்ஸ்) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஊசலாடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். 8க்கு வெகுவாகக் கீழே போனால் நெளிந்த தட்டில் ஊசி தாவும், ஸ்பீக்கர் கூம்பு சத்தமில்லாமல் முன்னும் பின்னும் ஆடும். 12க்கு வெகு மேலே போனால் பேஸ் வீங்கும்.

கணக்கு: ஆர்மின் செயல் எடை (எஃபெக்டிவ் மாஸ்), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை நெகிழ்வு எண்ணால் பெருக்குங்கள். வருவதன் வர்க்கமூலத்தால் 159ஐ வகுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஆர்ம் அதன் சொந்த ஹெட்ஷெல்லோடு 12 கிராம். 2எம் ரெட் 7.2 கிராம், திருகுகள் 0.8. மொத்தம் 20. நெகிழ்வு 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை 8 ஹெர்ட்ஸ். விளிம்பில் நிற்கிறது, ஆனால் ஓடும்.

ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து எழுதுகின்றன. மேலே சொன்ன கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் எண் வேண்டும். அவர்கள் தரும் எண்ணை 1.5 முதல் 2 வரை பெருக்கிக்கொள்ளுங்கள். அப்படியே போட்டால் நல்ல பொருத்தத்தையும் கெட்டது என்று ஒதுக்கிவிடுவீர்கள்.

கேபிள் செய்யும் கெடுதல்

மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்களின் உயர் சுருதி, கேபிளின் கெப்பாசிட்டன்ஸை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) பொறுத்து மாறும். விஎம்95க்குப் பரிந்துரை 100 முதல் 200 பிக்கோஃபாரட், 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. இது ஆர்மின் உள்கம்பி, வெளிக் கேபிள், ஃபோனோ உள்ளீடு மூன்றும் சேர்ந்த மொத்தம். விஎம்95இன் காயில் 550 மில்லிஹென்ரி. 200 பிக்கோஃபாரட்டோடு அது 15 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். நீளமான கேபிளும் தாராளமான உள்ளீடும் சேர்ந்து 400 ஆகிவிட்டால் 10.7 கிலோஹெர்ட்ஸில் மேடு தட்டும், அதற்கு மேல் சரியும். 'இந்த கார்ட்ரிட்ஜ் காதைக் குத்துகிறது' என்று எழுதப்படும் புகார்களில் ஒரு பகுதி உண்மையில் கேபிளைப் பற்றியது. ஃபோனோ ஸ்டேஜில் கெப்பாசிட்டன்ஸ் சுவிட்ச் இருந்தால் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள், கேபிளைக் குட்டையாக வையுங்கள்.

கிராடோ போன்ற மூவிங் அயர்ன் வகையில் காயில் சிறியது, கேபிளைப் பற்றிக் கவலை குறைவு. ஆனால் கவசம் போதாத மாடல்கள் சில டர்ன்டேபிள்களின் மோட்டார் அருகே வரும்போது உறுமும். வாங்குமுன் உங்கள் மெஷினோடு சேர்த்துப் பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள்.

பொருத்தும் முறை

ஊசியை மட்டும் மாற்றுபவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஹெட்ஷெல்லைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உடலை ஒரு கையால் பிடித்து, ஊசியின் பிளாஸ்டிக் பிடியை வழிமுறைத் தாளில் காட்டிய திசையில் இழுத்தால் போதும். கேன்டிலீவரில் விரல் படக்கூடாது. புதியது உடலோடு இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் ஒலி மெலிந்துவிடும், அல்லது ஒரு பக்கம் குறையும். பிறகு அழுத்தத்தை மட்டும் மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.

முழு கார்ட்ரிட்ஜையும் மாற்றுவதற்கு வேண்டியவை: சின்னத் திருகுளி, நுனி மெலிந்த இடுக்கி, 0.01 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் ஊசித் தராசு, இரண்டு புள்ளி அளவுத்தாள். தராசின் தட்டு காந்தம் பிடிக்காததாக இருக்க வேண்டும். இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்து எண்ணைப் பொய்யாக்கும்.

கம்பிகளின் நிறங்கள் பெரும்பாலும் ஒன்று: வெள்ளை இடது, நீலம் இடது பூமி, சிவப்பு வலது, பச்சை வலது பூமி. இடுக்கியால் உலோகக் கிளிப்பைப் பிடித்துத் தள்ளுங்கள், கம்பியைப் பிடிக்காதீர்கள், பற்றாசு விட்டுவிடும். கிளிப் இறுக்கமாக இருந்தால் பல்குச்சியால் சற்று விரித்துக்கொள்ளுங்கள், பின்னை அழுத்தித் தள்ளினால் உள்ளே காயில் அறுந்துபோகும். பின்னில் பற்றாசுக் கோலை வைக்கவே கூடாது. ஒரு பக்கத்து வெள்ளையும் நீலமும் மாறிவிட்டால் ஒலி வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் அறை முழுதும் சிதறும்.

திருகுகளை நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அடுத்து அழுத்தம். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வைத்து, கவுன்ட்டர்வெயிட்டைச் சுற்றி ஆர்மை மிதக்கவிட்டு, எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்பி, பிறகு வெயிட்டைப் பரிந்துரைத்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். விஎம்95க்கு 2.0 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8. வளையத்தின் எண்ணை நம்பாமல் தராசில் பாருங்கள், இசைத்தட்டு இருக்கும் உயரத்திலேயே. குறைந்த அழுத்தம் தட்டைக் காப்பாற்றும் என்பது தப்பு எண்ணம். குறைவாக வைத்தால் ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவரில் மோதும், சேதம் அப்போதுதான் அதிகம். வரம்பின் மேல் பாதியில் வையுங்கள்.

இனிக் கோணம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200க்கு ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் என்ற அதன் சொந்த அளவு எளிய தொடக்கம். மற்றவற்றுக்கு, தட்டின் மையத்திலிருந்து 66 மற்றும் 120.9 மில்லிமீட்டரில் புள்ளிகள் உள்ள பேர்வால்ட் அளவுத்தாள். வலையிலிருந்து அச்சடித்தால் நூறு சதவீத அளவில் அச்சடித்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பிரிண்டர்கள் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். முனையை முதல் புள்ளியில் வைத்து, கோடுகளுக்கு இணையாகக் கேன்டிலீவர் நிற்கிறதா என்று நேர் முன்னாலிருந்து பாருங்கள். உடலைப் பார்த்து நேராக்குவது பலரும் செய்வது. உடலுக்குள் கேன்டிலீவர் சற்றே சாய்ந்திருக்கக்கூடும், வேலை செய்வது அதுதான். இரண்டு புள்ளியிலும் இணையாகும் வரை முன்பின் நகர்த்தி, திருகுகளை மாறிமாறிக் கால் திருப்பாக இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும், மறுபடி பாருங்கள். அவசரப்பட்டால் மைக்ரோலீனியருக்குக் கொடுத்த காசு வீண். கூம்பு மன்னிக்கும் தவறை அது மன்னிக்காது.

ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தூக்கினால் ஒலி கூர்மையாகும், தாழ்ந்தால் மந்தமாகும். உயரம் மாற்ற வழியில்லாத ரேகா போன்ற ஆர்ம்களில், உயரமான கார்ட்ரிட்ஜ் வாங்கினால் ஆர்மின் அடியில் வைக்கும் தகட்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். செலவுக் கணக்கில் அதையும் எழுதுங்கள்.

ஆன்ட்டி-ஸ்கேட்டை அழுத்த எண்ணுக்குச் சமமாக வைத்துத் தொடங்குங்கள். உரத்த பகுதியில் வலது பக்கம் மட்டும் முதலில் கரகரத்தால் கூட்டுங்கள், இடது மட்டும் என்றால் குறையுங்கள். பள்ளமில்லாத வழவழப்பான தட்டில் ஊசியை வைத்து அளப்பது சரிப்படாது.

முதல் 20, 30 மணி நேரம் ஊசித் தாங்கியின் ரப்பர் இறுகியிருக்கும், ஒலி சற்று மெலிந்து கேட்கலாம். அதன் பிறகு அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

மாற்று ஊசியும் பழைய கார்ட்ரிட்ஜும்

ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலை விட்டு விலகியது. பழைய நல்ல உடல்கள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. ஜிகோ போன்ற ஊசி தயாரிப்பாளர்கள் அவற்றுக்கு நுண் முனைகள் செய்கிறார்கள். உடலின் காயில்கள் தேய்வதில்லை, ஆகவே இது நல்ல வழி. நான்கு பின்களிலும் மல்டிமீட்டர் வைத்து இடது, வலது காயில்களின் தடை ஏறக்குறைய சமமா என்று பாருங்கள். ஒன்று திறந்த சுற்றாகக் காட்டினால் அந்த உடல் செத்தது.

பெயரில்லாத மலிவு ஊசியில் 'நீள்வட்டம்' என்று எழுதியிருப்பதை வைத்து நம்பாதீர்கள். 200 மடங்கு பெருக்கும் யூஎஸ்பி நுண்ணோக்கி இருந்தால் முன்னாலிருந்து பாருங்கள்: கேன்டிலீவர் நடுவில் நேராக நிற்கிறதா, வைரம் அதற்குச் செங்குத்தா, ஒட்டுப் பசை முனைவரை வழிந்திருக்கிறதா. சாய்ந்து ஒட்டிய வைரத்தை எந்த அளவுத்தாளாலும் நேராக்க முடியாது, திருப்பி அனுப்புங்கள். பயன்படுத்திய ஊசியில் முனையின் இருபுறமும் பளபளக்கும் தட்டையான முகங்கள் தெரிந்தால் அது தேய்ந்தது, தட்டைச் செதுக்கும். ஊசியின் நெருக்கமான படம் அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் உடலுக்கான விலையை மட்டும் பேசுங்கள், புது ஊசியின் விலையை உங்கள் பக்கத்துச் செலவாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.